உருமாறிய பாறையின் கனிமங்கள்: எங்கே தவறு செய்கிறோம்?

பாறை உருகி மறுபடி இறுகினால் உருமாறிய பாறை என்று நினைப்பவர்கள் நிறைய. அடிப்படையிலேயே வரும் தவறு இது. உருகிவிட்டால் அது பாறைக்குழம்பு, ஆறினால் தீப்பாறை. உருமாற்றம் நடப்பதோ பாறை திடமாக இருக்கும்போதே. சூடும் அழுத்தமும் ஏற ஏறப் பழைய கனிமங்களால் தாக்குப்பிடிக்க முடிவதில்லை. துகள்களுக்கு நடுவே கசியும் கொஞ்சம் நீரின் உதவியோடு அணுக்கள் இடம் மாறிப் புதுக் கனிமங்களாகச் சேர்கின்றன.

அடுத்தது, மூலப்பாறை எது என்று கேட்க மறப்பது. பாறையில் இல்லாத தனிமத்தை வெப்பம் கொண்டுவந்து சேர்க்காது. சுத்தமான குவார்ட்ஸ் மணற்கல் குவார்ட்சைட் என்ற பாறையாகத்தான் மாறும், அதில் அலுமினியம் இல்லாமல் உண்டாகாத கயனைட் கனிமத்தைத் தேடுவது வீண்வேலை. சுண்ணாம்புக்கல்லில் மணலும் கலந்திருந்தால் கதை வேறு. நல்ல சூட்டில் சுண்ணாம்புக்கல்லின் கால்சைட்டும் மணலின் குவார்ட்ஸும் வினைபுரிந்து வொலாஸ்டோனைட் என்ற புதுக் கனிமம் உண்டாகும், கரியமில வாயு வெளியேறும்.

கயனைட், ஆண்டலுசைட், சிலிமனைட் மூன்றையும் குழப்பிக்கொள்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மூன்றுக்கும் வேதி வாய்பாடு ஒன்றே, அணுக்கள் அடுக்கியிருக்கும் விதம்தான் வேறு. சுமார் 500 டிகிரி செல்சியஸ், 4 கிலோபார் அழுத்தம் (காற்றழுத்தத்தைப் போல் சுமார் 4,000 மடங்கு) என்ற இடத்தை ஒட்டி மூன்றின் எல்லைகளும் சந்திக்கின்றன. அங்கிருந்து அழுத்தம் கூடினால் கயனைட், குறைந்தால் ஆண்டலுசைட், வெப்பம் ஏறினால் சிலிமனைட். இதில் நீல நிறத்தை மட்டும் பார்த்துக் கயனைட் என்று முடிவுகட்டாதீர்கள். அது வெள்ளையாகவும் சாம்பலாகவும் பச்சையாகவும்கூட இருக்கும். எஃகுக் கத்தியால் கீறிப் பாருங்கள். நீளவாக்கில் கீறல் விழும், குறுக்குவாக்கில் விழாது. ஒரே படிகத்துக்குள் கடினம், 1 முதல் 10 வரையான மோஸ் அளவுகோலில், 5இலிருந்து 7 வரை மாறுவதை நேரில் பார்த்தால் மறக்கவே மாட்டீர்கள்.

தட்டையான அடுக்குகளைக் கண்டதும் பழைய படிவு அடுக்குகள் என்று எழுதுவதும் அடிக்கடி நடக்கிறது. பெரும்பாலும் அவை அழுத்தத்தில் மைக்காத் தகடுகள் ஒரே திசையில் வரிசைப்பட்டதால் வந்தவை.

கடைசியாக, ஒற்றைக் கனிமத்தை நம்பித் தீர்ப்பு சொல்வது. 1893இல் நிலவியலாளர் ஜார்ஜ் பாரோ ஸ்காட்லாந்து மலைகளில் கனிமங்களைக் கொண்டு உருமாற்றத்தின் படிநிலைகளைப் பிரித்தார். குளோரைட், பயோடைட், கார்னெட், ஸ்டாரோலைட், கயனைட், சிலிமனைட் என்று குறைந்த சூட்டிலிருந்து கூடிய சூட்டுக்குப் போகும் அந்த வரிசை களிமண் படிவுகளிலிருந்து வந்த பாறைகளுக்கானது. எல்லாப் பாறைக்கும் அதை அப்படியே போட்டுப் பார்க்கக் கூடாது. கார்னெட், தீப்பாறையான கிரானைட்டுகள் சிலவற்றிலும் இருக்கிறது. அதனால் கூடவே என்னென்ன கனிமங்கள் இருக்கின்றன, எது எதைச் சுற்றி வளர்ந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். லென்ஸை வைத்துப் பார்க்கும்போது செந்நிறக் கார்னெட்டின் விளிம்பையும் விரிசல்களையும் பச்சைக் குளோரைட் அரித்திருந்தால், 'குறைந்த சூட்டுப் பாறை' என்று எழுதிவிடாதீர்கள். முதலில் சூட்டில் கார்னெட் வளர்ந்தது. அப்புறம் பாறை ஆறும்போது நீர் புகுந்து அதன் ஓரத்தைக் குளோரைட்டாக மாற்றியிருக்கிறது. அந்த வரிசையையே குறிப்பேட்டில் எழுதுங்கள்.