ஜி எகிறுகிறதா? எலிவேட்டரை விட்டுவிடுங்கள்

ஃப்ளைட் சிமுலேட்டருக்கு விமான மாடல் செய்யப் புதிதாக வருகிறவர்கள் "கொஞ்சம் பாருங்களேன்" என்று அனுப்பும் ஃபைல்களைத் திறந்தால், திரும்பத் திரும்ப அதே கோளாறுகள். பவுண்டா கிலோவா என்ற குழப்பமெல்லாம் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள், அதை விடுகிறேன்.

எலிவேட்டரைக் குறைப்பது

எலிவேட்டர் என்பது விமானத்தின் வாலில் இருந்துகொண்டு மூக்கை ஏற்றி இறக்கும் பலகை. எனக்கு இன்னமும் எரிச்சல் வருவது இதில்தான். ஒரு தம்பி செஸ்னா 172எஸ் மாடல் அனுப்பியிருந்தார். 106 நாட் வேகத்தில் ஜாய்ஸ்டிக்கை முழுக்க இழுத்தால் ஜி மீட்டர் (புவியீர்ப்பைப் போல எத்தனை மடங்கு விசை என்று காட்டுவது) 7ஐத் தொடுகிறது. அவர் பார்த்த வைத்தியம், எலிவேட்டரின் வலுவைப் பாதியாக்கியது. மீட்டர் அடங்கியது, சரி. அப்புறம் தரையிறங்கப் போனால் மூக்கு எழவில்லை, முன்சக்கரம் முதலில் இடிக்கிறது. அதற்காக ட்ரிம்மை (கையை எடுத்தாலும் மூக்கை ஒரே நிலையில் பிடித்து வைக்கும் அமைப்பு) மூக்கு மேலே போகும்படி ஏற்றினார். இப்போது த்ரோட்டிலைத் திறந்து மறுபடி மேலேற முயன்றால் மூக்கு வானத்தைப் பார்க்கிறது, அதை அமுக்கவும் எலிவேட்டரில் வலு இல்லை.

லோடு ஃபேக்டர், அதாவது மீட்டர் காட்டும் ஜி, என்பது லிஃப்டை (இறக்கை தரும் தூக்குவிசை) எடையால் வகுத்தால் வருவது, அவ்வளவுதான். பறக்கும் வேகத்தை ஸ்டால் வேகத்தால் (நேராகப் பறக்கும்போது இதற்குக் கீழே போனால் இறக்கையால் எடையைத் தூக்க முடியாது) வகுத்து வர்க்கம் எடுங்கள், அந்த வேகத்தில் கிடைக்கக்கூடிய உச்ச ஜி அதுதான். 172எஸ் 2,550 பவுண்டு முழு எடையில், இறக்கையின் பின்விளிம்பிலுள்ள ஃப்ளாப்பை இறக்காமல், 53 நாட்டில் ஸ்டால் ஆகும். 106ஐ 53ஆல் வகுத்தால் 2, வர்க்கம் 4. எலிவேட்டரைக் கதவளவுக்குச் செய்து மாட்டினாலும் அதற்கு மேல் இறக்கை தராது, ஸ்டால் ஆகிவிடும். 7 வருகிறது என்றால் இறக்கை ஸ்டால் ஆகவே இல்லை என்று அர்த்தம். திறந்து பார்த்தால் அதேதான்: லிஃப்ட் அட்டவணை, இறக்கை காற்றை எதிர்கொள்ளும் கோணம் 30 டிகிரி ஆகும் வரை நேர்கோடாக ஏறிக்கொண்டே போகிறது. அதைத் திருத்தி எலிவேட்டரைப் பழையபடி வைத்ததும் எல்லாம் சரியானது.

உச்சம் சரியாக இருந்தும் லேசாக இழுத்தாலே ஜி துள்ளுகிறதா? அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது ஈர்ப்பு மையம் பின்னால் போயிருக்கிறதா, பிட்ச் டாம்பிங் (மூக்கின் மேல்கீழ் ஆட்டத்தைத் தணிப்பது) போதுமா என்பதைத்தான்.

60 டிகிரி என்றால் 2 ஜி

விமானத்தை 60 டிகிரி சாய்த்தால் 2 ஜி வரும் என்பது உயரம் குறையாமல் திரும்பினால்தான். இழுக்காமல் வெறுமனே சாய்த்தால் மீட்டர் 1ஐ ஒட்டியே நிற்கும், மூக்கு விழும். அதைப் பார்த்து லிஃப்டைக் கூட்டியவர்கள் உண்டு.

மீட்டரை அப்படியே நம்புவது

ஜேஎஸ்பிசிம் (விமானம் பறப்பதைக் கணக்கிடும் மென்பொருள்) விமானி உணரும் ஜியைக் கணக்கிடுவது ஈர்ப்பு மையத்தில் அல்ல, விமானியின் கண் இருக்கும் புள்ளியில். மூக்கு சட்டென்று மேலே சுழலும்போது முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குக் கூடுதலாகவே அடிக்கும். 172இல் பெரிதாகத் தெரியாது. நீளமான ஜெட்டில் இந்தப் புள்ளியைத் தப்பாக வைத்துவிட்டு இறக்கையை நோண்டிக்கொண்டிருப்பார்கள்.

டேங்கைக் காலியாக வைத்துச் சோதிப்பது

எடை குறைந்தால் அதே வேகத்தில் ஜி கூடத்தான் செய்யும். 172எஸ்ஸின் மனூவரிங் வேகம் (முழுக்க இழுத்தாலும் ஜி எல்லையைத் தாண்டாத வேகம்) முழு எடையில் 105 நாட், 1,900 பவுண்டில் 90 என்று குறைவது அதனால்தான்.

மைனஸ் ஜி

யாரும் ஜாய்ஸ்டிக்கை முன்னால் தள்ளிப் பார்ப்பதே இல்லை. 172எஸ்ஸின் எல்லை மைனஸ் 1.52; அட்டவணையின் எதிர்க்கோணப் பக்கத்திலும் ஸ்டால் வேண்டும்.