ஒன்டாரியோவில் பழைய கார் வாங்குமுன் அதன் மேல் கடன் இருக்கிறதா என்று பாருங்கள்

டொராண்டோவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், பஸ் நிறுத்தத்தில் இருபது நிமிடம் நின்ற எவருக்கும் அடுத்த சம்பளத்தில் எப்படியாவது ஒரு கார் வாங்கிவிட வேண்டும் என்று தோன்றும். அந்த அவசரத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். நானும் மாட்டியிருப்பேன்.

வந்த ஆறாவது மாதம் ஸ்கார்பரோவில் ஒரு கொரோலா பார்த்தேன். நியாயமான விலை, கறையில்லாத இருக்கைகள். விற்றவர் நம் ஆள். டீ கொடுத்து உட்கார வைத்து, கார் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று காட்டும் ஓனர்ஷிப் தாளை எடுத்துக் காட்டினார். அந்தப் பச்சைத் தாளில் அவர் பெயர்தான் இருந்தது. ஊரில் வண்டி மேல் கடன் இருந்தால் ஆர்.சி. புக்கிலேயே பேங்க் பெயர் ஏறிவிடும். அந்தப் பழக்கத்தில் தாளைப் புரட்டினேன், எந்தப் பேங்க் பெயரும் இல்லை, முன்பணத்தை எடுக்கப் போனேன். கூட வந்த நண்பர் என் கையைப் பிடித்து, "பேக்கேஜ் எங்கே?" என்று கேட்டார். காரின் பதிவு, கடன் விவரங்கள் அடங்கிய அரசுத் தகவல் தொகுப்பு அது.

இரண்டு நாள் கழித்து அது கைக்கு வந்தபோது, உள்ளே ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் இருந்தது. "மாதாமாதம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்" என்றார் அவர். அந்தக் காரை நான் வாங்கவில்லை.

இங்கே ஓனர்ஷிப் தாளில் கடன் விவரம் இருக்காது. லீன் என்று சொல்லும் அந்தக் கடன் மாகாணத்தின் தனிப் பதிவேட்டில் இருக்கும். முக்கியமான விஷயம், அது காரோடு போகும். விற்றவர் தவணையை நிறுத்திவிட்டால், நீங்கள் முழுப்பணம் கொடுத்து வாங்கிய காரைக் கடன் கொடுத்தவர்கள் வந்து எடுத்துப் போகலாம். "நான் காசு கொடுத்தேனே" என்ற வாதம் அவர்களிடம் எடுபடாது.

ஒன்டாரியோவில் தனியார் ஒருவர் காரை விற்றால், யூஸ்டு வெஹிக்கிள் இன்ஃபர்மேஷன் பேக்கேஜ் என்ற அந்தத் தொகுப்பை வாங்குபவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். மாகாண அரசின் சேவை மையமான சர்வீஸ் ஒன்டாரியோவில் 20 டாலர். இதுவரை யார் யாரிடம் கார் இருந்தது, கைமாறியபோது எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தது, லீன் உண்டா, சந்தை மதிப்பு என்ன என்பதெல்லாம் அதில் வரும். விற்பவர் பழைய பிரதியை நீட்டினால் தேதியைப் பாருங்கள். அது அச்சான பிறகும் ஒரு லீன் ஏறியிருக்கலாம். காரின் அடையாள எண்ணான வின் நம்பரை வாங்கிக்கொண்டு நீங்களே புதிதாக ஒன்று எடுத்துவிடுங்கள். இந்த 20 டாலரில் மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள்.

லீன் இருந்தாலும் கார் பிடித்திருக்கிறது என்றால், விற்பவரோடு சேர்ந்து கடன் கொடுத்த பேங்குக்கே போங்கள். பாக்கி எவ்வளவு என்று எழுத்தில் வாங்கி, அதை நேராக பேங்குக்கே கட்டுங்கள். மீதியை மட்டும் அவரிடம் கொடுத்து, கடன் தீர்ந்ததற்கான கடிதத்தை வாங்கிக்கொள்ளுங்கள். இதற்கு அவர் தயங்கினால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

பேக்கேஜில் இல்லாதது விபத்து வரலாறு. வேறு மாகாணத்தில் கார் ஓடிய காலமும் அதில் இருக்காது. அதற்குத்தான் கார்ஃபேக்ஸ் கனடா என்ற நிறுவனம் விற்கும் கார் வரலாற்று அறிக்கை. ஆனால் இன்சூரன்ஸுக்குச் சொல்லாமல் கைக்காசில் தட்டிச் சரிசெய்த விபத்து அதிலும் வராது. சால்வேஜ், ரீபில்ட் என்ற சொற்கள் கண்ணில் பட்டால் நின்று யோசியுங்கள். பெரிய சேதம் பட்ட கார்களுக்குத்தான் இந்த முத்திரை.

அப்புறம், வின் நம்பர். பதினேழு எழுத்து. ஓட்டுநர் பக்கம் கண்ணாடிக்குக் கீழே டேஷ்போர்டில் ஒன்று, கதவைத் திறந்தால் ஓரத்து ஸ்டிக்கரில் ஒன்று. கண்ணாடியில் பனி இருந்தால் கையுறையால் துடைத்துவிட்டு, ஓனர்ஷிப்போடு வைத்து எழுத்து எழுத்தாக வாசியுங்கள். ஆங்கில ஐ, ஓ, கியூ மூன்றும் வின்னில் வரவே வராது. திருட்டுக் காருக்கு வேறொரு காரின் எண்ணை ஒட்டி விற்பது இங்கே நடக்கிறது. திருடுபோன கார்தானா என்று கனடிய போலீஸ் தகவல் மையத்தின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

விற்பவரையும் சோதிக்க வேண்டும். போனில் எந்தக் கார் என்று சொல்லாமல், "கார் விஷயமாகக் கூப்பிடுகிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். "எந்தக் கார்?" என்று கேட்டால், அவர் உரிமம் இல்லாமல் கார் வியாபாரம் செய்பவராக இருக்கலாம். கர்ப்சைடர் என்பார்கள். மச்சானுடைய கார், ஊருக்குப் போன நண்பனின் கார் என்று சொன்னாலும் அதே சந்தேகம்தான். அவருடைய ஓட்டுநர் லைசென்ஸில் உள்ள பெயரும் ஓனர்ஷிப் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். டீலர் என்றால், கார் டீலர்களைக் கண்காணிக்கும் மாகாண அமைப்பான ஓம்விக்கில் பதிவு உண்டா என்று தேடுங்கள். பழுதுபார்க்க 3,000 டாலருக்கு மேல் ஆன சேதத்தை அவர் எழுத்தில் சொல்லியாக வேண்டும். ஆனால் கையெழுத்துப் போட்டபின் மனம் மாறினால் திருப்பிக் கொடுக்க இங்கே சட்டம் இடம் தராது.

இதெல்லாம் சரியாக இருந்தால் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். அவரை நீங்கள் தேர்ந்தெடுங்கள். இங்கே சாலையில் கொட்டும் உப்பு காரின் அடிப்பாகத்தைத் தின்றுவிடும். கதவுக்குக் கீழே உள்ள ஓரத்தில் விரலால் அழுத்தினால் துரு அப்பளம் போல நொறுங்கிய கார்களைப் பார்த்திருக்கிறேன். சீட் பெல்ட்டை முழுதாக இழுத்துப் பாருங்கள், அடியில் சேற்றுக்கறை இருந்தால் தண்ணீரில் மூழ்கிய காராக இருக்கலாம். சேஃப்டி சர்டிபிகேட் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். சோதித்த அன்று குறைந்தபட்சத் தகுதி இருந்தது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். 36 நாள்தான் செல்லும்.

பில்லில் விலையைக் குறைத்து எழுதலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 13 சதவீத வரியை நீங்கள் கொடுத்த விலை, காரின் ஹோல்சேல் மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன் மேல்தான் போடுவார்கள். நம்பர் பிளேட்டை விற்றவர் கழற்றிக்கொள்வார், உங்களுக்கு வேறு பிளேட் வேண்டும். ஆறு நாளுக்குள் பெயர் மாற்றிவிடுங்கள். இன்சூரன்ஸ் எவ்வளவு வரும் என்று விலை பேசும் முன்பே அதே வின்னைக் கொடுத்து விசாரித்துவிடுங்கள். புதிதாக வந்தவர்களுக்குச் சில சமயம் கார் விலையைவிட ஒரு வருட இன்சூரன்ஸ் பெரிய தொகையாக வருகிறது.