நெடும்பயணத்துக்கு முன் காலையில் பார்க்க வேண்டிய ஒரு எண்

கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு 350 கிலோமீட்டர் போல வரும், தீபாவளி நேரத்தில் தூங்காமல் விடிய விடிய ஓட்டுகிறவர்கள் நம்மில் நிறைய பேர், அதனால்தான் இதை எழுதுகிறேன். ஸ்மார்ட் வாட்ச் கட்டித் தூங்குகிறீர்களா? காலையில் எழுந்ததும் அதில் எச்ஆர்வி (HRV, இதயத் துடிப்பு மாறுபாடு) எண்ணைப் பாருங்கள். இதயம் நிமிடத்துக்கு 60 முறை துடித்தாலும் சரியாக விநாடிக்கு ஒன்று என்று துடிக்காது, ஒரு இடைவெளி 950 மில்லிவிநாடி, அடுத்தது 1,040 என்று மாறிக்கொண்டே இருக்கும்; அந்த ஏற்ற இறக்கம்தான் அது. தூக்கம் கெட்டு உடம்பு அசந்திருந்தால் பெரும்பாலும் குறையும்.

அடுத்தவர் எண்ணோடு ஒப்பிடாதீர்கள், ஆளுக்கு ஆள் மாறும், உங்களுடைய இரண்டு மூன்று வாரச் சராசரிதான் கணக்கு. லோரி ஓட்டும் என் தம்பிக்கு வழக்கமாக 45 பக்கம் இருக்கும், ஒரு நாள் 28 காட்டியது, மத்தியானம் வரை தூங்கிவிட்டுக் கிளம்பு என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன்.

ஓட்டும்போது வாட்சைப் பார்க்க வேண்டாம், கை அசைவில் கணக்கு தப்பும். அப்புறம், எண் நன்றாக இருந்தும் கண் சொக்கினால் கண்ணைத்தான் நம்புங்கள்: தாப்பா ஆர் அண்ட் ஆர் (நெடுஞ்சாலை ஓய்விடம்) மாதிரி இடத்தில் நிறுத்தி, ஒரு கோப்பி குடித்த கையோடு சீட்டைச் சாய்த்து 20 நிமிடம் தூங்குங்கள், கோப்பி வேலை செய்ய எப்படியும் அரை மணி நேரம் ஆகும்.