பெயர் தெரியாத மரக்கட்டை: உளி வைப்பதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெயர் தெரியாத மரத்துண்டு கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் செய்வது, திருப்பித் திருப்பி அதன் நிறத்தைப் பார்ப்பதுதான். பெரும்பாலான தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன. வருடக்கணக்கில் வெயிலும் மழையும் பட்டால் எந்த மரமும் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். வீட்டுக்குள் கிடந்தது பழுப்பேறிவிடும்.

என்னிடம் அப்படி ஒரு கட்டை மாதக்கணக்கில் கிடந்தது. அழுக்குப் பழுப்பு நிறம், ஓரங்களில் வெடிப்பு. பழைய தேக்கு என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் இழைப்புளியை நாலு தடவை ஓட்டியதும் உள்ளே பளிச்சென்று மஞ்சள். பலா! அந்த மஞ்சளும் நிலைக்கவில்லை; ஜன்னலோரம் இருந்து இருந்து தேன் நிறமாகி, அப்புறம் பழுப்பாகிவிட்டது. அதனால் நிறத்தைப் பார்ப்பதென்றால், அப்போதுதான் சீவிய இடத்தில் பாருங்கள். அதிலும் நடுவில் இருக்கும் வைரப்பகுதியைப் பாருங்கள். பட்டையை ஒட்டிய வெளிப்பகுதி பல மரங்களில் ஒரே மாதிரி வெளுத்துத்தான் இருக்கும். வைரம் கன்னங்கரேலென்று இருக்கும் கருங்காலிக்கே வெளிப்பகுதி வெளிறிப்போய்த்தான் இருக்கிறது.

அடுத்த தவறுதான் எல்லாவற்றிலும் பெரியது: பலகையின் அகன்ற முகத்தை மட்டும் பார்த்துவிட்டு முடிவு கட்டுவது. அந்த முகத்தில் தெரியும் ரேகை, மரத்தை அறுத்த கோணத்தைப் பொறுத்து மாறும். ஒரே மரத்தின் இரண்டு பலகைகள் இரண்டு வகை மரம் போலத் தெரியலாம். மரத்தின் அடையாளம் குறுக்கு வெட்டு முகத்தில்தான் இருக்கிறது. ஆனால் ரம்பம் அறுத்த முனையை அப்படியே பார்த்தால் ஒன்றும் தெரியாது; கிழிந்த நாரும் தூளும் சேர்ந்து எல்லாவற்றையும் மூடியிருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால், மரம் நீர் கடத்தும் நுண்ணிய துளைகளில் தூள் அடைத்துக்கொள்ளும்.

புது பிளேடு ஒன்றை எடுத்து, அந்த முனையில் விரல்நகம் அளவுக்கு ஒரு இடத்தை ஒரே இழுப்பில் மெல்லியதாகச் சீவுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் தடவி, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி வைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். துளைகளே இல்லையென்றால் அது பைன், தேவதாரு போன்ற ஊசியிலை மரம். துளைகள் இருந்தால் அவை எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று கவனியுங்கள். தேக்கில் வளர்ச்சி வளையத்தின் தொடக்கத்தில் பெரிய துளைகள் வரிசை கட்டி நிற்கும். ஓக் மரத்திலும் அப்படித்தான். ஆனால் அதில் நடுவிலிருந்து வெளியே ஓடும் கதிர்க்கோடுகள் வெறும் கண்ணுக்கே தெரியும் அளவுக்குத் தடிமனானவை. மாமரத்தில் துளைகள் பரவலாகச் சிதறியிருக்கும். வாகையில் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் வெளிர் நிறத்தில் ஒரு விளிம்பு தெரியும். முதல் தடவை இதையெல்லாம் பார்க்கும்போது, இத்தனை நாள் இதைப் பார்க்காமல் இருந்துவிட்டோமே என்று தோன்றும். யாரிடமாவது படம் அனுப்பிக் கேட்பதென்றாலும் இந்த முகத்தைத்தான் எடுத்து அனுப்ப வேண்டும்.

கையில் தூக்கிப் பார்த்து "கனமாக இருக்கிறது, நல்ல மரம்" என்பதும் ஏமாற்றும். ஈரமான மரம் எதுவானாலும் கனக்கும். சில நாள் இடைவெளியில் எடை போட்டு, எடை இறங்குவது நின்றபிறகுதான் கணக்குப் பார்க்க வேண்டும். 10 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம், 5 செ.மீ. தடிமன் உள்ள துண்டின் கன அளவு 250 கன செ.மீ. அது 165 கிராம் இருந்தால், ஒரு கன செ.மீட்டருக்கு 0.66 கிராம், காய்ந்த தேக்கு ஏறக்குறைய இந்த இடத்தில்தான் வரும். பால்சா 0.15 அளவுக்கே வரும், கருங்காலி 1-ஐ ஒட்டி நிற்கும். தாவரவியல்படி பால்சா ஒரு வன்மரம் (ஊசியிலை அல்லாத, அகன்ற இலை மரவகை) என்பதையும் நினைவில் வையுங்கள். 'வன்மரம்' என்ற பெயரைக் கேட்டு உளிக்குக் கடினமாக இருக்கும் என்று நினைக்கக் கூடாது.

வாசனை உதவும், ஆனால் புதிதாகச் சீவிய இடத்தில் மட்டும். மேலே தடவிய எண்ணெயும் பாலிஷும் மூக்கை ஏமாற்றிவிடும். நாக்கில் வைத்துச் சுவைப்பதும், கொளுத்திப் புகையை முகர்வதும் வேண்டவே வேண்டாம். அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு. தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். சோதித்துத்தான் ஆக வேண்டும் என்றால் தண்ணீரில் சோதியுங்கள். வேங்கையின் வைரச் சீவலை ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போட்டுச் சற்று நேரம் கழித்து வெயிலில் பிடித்தால், மஞ்சள் கலந்த நீரின் ஓரத்தில் நீலம் மினுங்கும். அதன் நெருங்கிய உறவு மரங்கள் சிலவும் இப்படிச் செய்யும் என்பதால், இதை ஒரு துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

என்ன மரம் என்பதை விட, அதற்கு என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் விடுவது ஆபத்தானது. பச்சை சாயல் கொண்ட பழைய வெளிப்புறப் பலகையில் செம்பும் ஆர்சனிக்கும் கலந்த மருந்து ஏற்றப்பட்டிருக்கலாம். சரக்கு அடுக்கி ஏற்றும் மரத் தட்டுகளில் (பேலட்) முத்திரை இருக்கும்: 'HT' என்றால் சூடேற்றிப் பதப்படுத்தியது, 'MB' என்றால் மெத்தில் புரோமைடு புகையூட்டியது. மருந்து ஏறியதையும் புகையூட்டியதையும் செதுக்க எடுக்காதீர்கள். எந்த மரமானாலும் தூளுக்கு முகக்கவசம் வேண்டும். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது.

இவ்வளவு செய்தும் சரியான இனம் எது என்று பிடிபடாமல் போகலாம். லென்ஸ் பெரும்பாலும் மரத்தின் குடும்பம் வரைக்கும்தான் கொண்டுபோகும். அதற்கு மேல் நுண்ணோக்கி வேண்டும். செம்மரமோ ஈட்டி மரமோ (ரோஸ்வுட்) என்ற சந்தேகம் வந்தால் மட்டும் பெயரை உறுதி செய்துகொள்ளுங்கள், அவற்றின் பன்னாட்டு வணிகத்துக்குச் சட்டக் கட்டுப்பாடு இருக்கிறது. மற்றபடி செதுக்குகிறவருக்குப் பெயர் தெரியாவிட்டாலும் வேலை ஓடும். குணம் தெரியாவிட்டால்தான் ஓடாது. ஓரத்தில் ஒரு சிறு துண்டைப் பிளந்து பாருங்கள். நேராகப் பிளந்தால் ரேகை நேராக ஓடுகிறது. பிளந்த முகம் அலை அலையாக இருந்தால் ரேகை பின்னிக் கிடக்கிறது. வேம்பில் இது அடிக்கடி வரும். அந்த மரத்தில் உளியை எந்தப் பக்கம் தள்ளினாலும் பட்டை பட்டையாகப் பிய்யும். அப்புறம் ரேகைக்குக் குறுக்கே ஒரு பள்ளம் எடுங்கள். வெட்டு மினுமினுப்பாக இருந்தால் நுணுக்கமான முகம், விரல் எல்லாம் செதுக்கலாம். ஓரம் பொடிப்பொடியாக உதிர்ந்தால் உருவத்தைப் பெரிதாக, மொத்தையாக வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சோதனைத் துண்டைத் தூக்கி எறியாதீர்கள். எடைக் கணக்கு, சீவியபோது இருந்த நிறம், வாசனை, உங்கள் ஊகம் எல்லாவற்றையும் அதன் மேலேயே பென்சிலால் எழுதி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். அடுத்த கட்டை வரும்போது பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.