எந்தப் பல்கலைக்கழகத்தில் சேருவது? அனுமதிக் கடிதங்களை வைத்துக்கொண்டு முடிவெடுக்கும் முறை

இரண்டு மூன்று இடங்களிலிருந்து அனுமதிக் கடிதம் வந்துவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் எதில் சேருவது என்ற கேள்வி அன்றிரவே தூக்கத்தைக் கெடுக்க ஆரம்பித்துவிடும். ஆளுக்கொரு பெயரைச் சொல்வார்கள். அந்தப் பெயர் உங்கள் சான்றிதழில் ஒரு வரி. நீங்கள் வருடக்கணக்கில் உட்காரப்போவது ஒரு துறையின் வகுப்பறையில். அதனால் துறையைப் பார்த்து முடிவெடுப்பது எப்படி என்றுதான் இங்கே சொல்லப்போகிறேன்.

படி 1: முதலில் தாளில் எழுதுங்கள்

எந்த இணையதளத்தையும் திறப்பதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். படித்து முடித்ததும் என்ன வேலை செய்யத் தெரிந்திருக்க வேண்டும்? குடும்பத்தால் மொத்தமாக எவ்வளவு செலவழிக்க முடியும்? வீட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் உங்களால் இருக்க முடியும்? ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் ‘கட்டாயம்’ அல்லது ‘இருந்தால் நல்லது’ என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைசிப் படியில் இந்தத் தாள் தேவைப்படும்.

படி 2: தரவரிசை எதை அளக்கிறது என்று பாருங்கள்

உலகப் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்த 2003இல் தொடங்கிய ஷாங்காய் தரவரிசையில் 30 சதவீத மதிப்பெண், முன்னாள் மாணவர்களும் ஆசிரியர்களும் வாங்கிய நோபல் பரிசுக்கும் கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கத்துக்கும் போகிறது. இன்னொரு 20 சதவீதம் நேச்சர், சயன்ஸ் என்ற அறிவியல் இதழ்களில் வந்த கட்டுரைகளுக்கு. ஆராய்ச்சிப் படிப்புக்குப் போகிறவருக்கு இது பயன்படும். முதல் வருட மாணவருக்கு யார் எப்படிப் பாடம் நடத்துவார்கள் என்பது இதில் தெரியாது. தரவரிசையைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பத்து இடம் முன்னே பின்னே இருப்பதை வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்கிறேன்.

படி 3: மூன்றாம் வருடப் பாடத்திட்டத்தைத் திறங்கள்

அதிக நேரத்தை இதற்குத்தான் ஒதுக்க வேண்டும். முதல் வருடப் பாடங்கள் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். வித்தியாசம் தெரிவது மூன்றாம் வருடத்தில். இரண்டு பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, படிக்க ஆசை வரும் பாடங்களைக் கோடிடுங்கள். எந்தப் பக்கம் கோடு அதிகம் என்பது சட்டென்று தெரிந்துவிடும்.

அப்புறம் இந்த செமஸ்டரின் கால அட்டவணையைத் தேடி எடுங்கள். பட்டியலில் உள்ள விருப்பப் பாடம் நிஜமாகவே நடக்கிறதா? நான் படித்த இடத்தில், நான் எதற்காகச் சேர்ந்தேனோ அந்தப் பாடம் ஒருமுறைகூட நடக்கவில்லை. அதை நடத்தியவர் நான் சேர்வதற்கு முந்தைய வருடமே ஓய்வு பெற்றிருந்தார். துறை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். அந்த வருத்தம் உங்களுக்கு வரக்கூடாது.

படி 4: முழுச் செலவைக் கணக்கிடுங்கள்

முதல் வருடக் கட்டணத்தை மட்டும் ஒப்பிடாதீர்கள். கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, பயணம் எல்லாவற்றையும் கூட்டி, படிப்பு எத்தனை வருடமோ அத்தனையால் பெருக்குங்கள். உதவித்தொகை கிடைத்திருந்தால் அதன் நிபந்தனையை வரிவரியாகப் படியுங்கள். முதல் வருடத்துக்கு மட்டுமா? குறிப்பிட்ட மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் நின்றுவிடுமா?

படி 5: அங்கீகாரம்

பட்டத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்பதை அங்கீகாரம் தரும் அமைப்பின் பட்டியலிலேயே பாருங்கள். விளம்பரத்தில் இருப்பதை நம்பி விட்டுவிட வேண்டாம். வெளிநாட்டில் வேலை பார்க்க நினைக்கும் பொறியியல் மாணவர்கள், ஒரு நாட்டில் அங்கீகாரம் பெற்ற பொறியியல் படிப்பை மற்ற உறுப்பு நாடுகளும் ஏற்பதற்காக 1989இல் உருவான வாஷிங்டன் ஒப்பந்தத்தின் கீழ் தங்கள் படிப்பு வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

படி 6: அங்கே படிப்பவர்களிடம் பேசுங்கள்

“நல்லா இருக்குமா?” என்று கேட்டால், “நல்லாத்தான் இருக்கும்” என்றுதான் பதில் வரும். குறிப்பாகக் கேளுங்கள். கடைசியாக எப்போது ஒரு பேராசிரியரிடம் தனியாகச் சந்தேகம் கேட்டீர்கள்? ஆய்வகத்தில் ஒரு கருவிக்கு எத்தனை பேர்? பாதியில் விட்டுப் போனவர்கள் ஏன் போனார்கள்? ஒரே ஒரு சீனியரின் பேச்சை மட்டும் நம்பாமல் மூன்று பேரிடமாவது கேளுங்கள்.

படி 7: பொருந்தாத இடங்களை அடித்துக்கொண்டே வாருங்கள்

முதல் படியில் எழுதிய தாளை எடுங்கள். ஒரு ‘கட்டாயம்’ பொருந்தாவிட்டாலும், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் அந்தப் பல்கலைக்கழகத்தை அடித்துவிடுங்கள். மிச்சம் இரண்டு இருந்து, இரண்டும் சமமாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள். ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், ஒரே மாதிரித் திறமை உள்ள மாணவர்களில் இடம் கிடைக்க மிகக் கடினமான கல்லூரிக்குப் போனவர்களும் மற்றவர்களும் பிற்பாடு ஏறக்குறைய ஒரே அளவுதான் சம்பாதித்தார்கள். வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் அந்தக் கல்லூரிகள் கூடுதல் பலன் தந்தன. உங்கள் நிலைமை அதுவானால், செலவு கட்டுப்படியாகும்வரை பெரிய இடத்துக்குக் கொஞ்சம் கூடுதல் எடை கொடுங்கள்.

சரி, முடிவெடுத்தாயிற்று. கெடு முடிவதற்குள் முன்பணத்தைக் கட்டி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அன்றைக்கே மற்ற இடங்களுக்கு ‘நான் சேரவில்லை’ என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள். காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் யாரோ ஒருவர் அந்த இடத்துக்காகத் தினமும் மின்னஞ்சலைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார்.