கரண்ட் போகும் ஊரில் நிலக்கரி ஸ்டோக்கர் பாய்லர் பொருத்துவது எப்படி

தென்னாப்பிரிக்காவின் நியூகாசிலில் ஜூன், ஜூலை விடியற்காலையில் புல்தரை முழுக்க உறைபனி வெளுத்துக் கிடக்கும். டர்பனிலிருந்து இங்கே குடிவரும் நம் ஆட்கள் முதல் குளிருக்கு மின்சார ஹீட்டர் வாங்குவார்கள். பில் வந்த பிறகு நிலக்கரியைப் பற்றி விசாரிப்பார்கள். விசாரிப்பதில் நியாயம் உண்டு. 1913இல் காந்தியின் சத்தியாகிரகத் தோழர் தம்பி நாயுடுவும் டிரான்ஸ்வாலிலிருந்து வந்த தமிழ்ப் பெண்களும் வேலைநிறுத்தத்துக்கு அழைத்தது இந்த ஊர்ச் சுரங்கத் தொழிலாளர்களைத்தான். அந்த அளவுக்கு இது கரி விளையும் மண்.

அக்கா வீட்டுக்கு ஸ்டோக்கர் பாய்லர், அதாவது கரியைத் தானே ஊட்டிக்கொண்டு வீட்டைச் சூடாக்கும் நீரைக் காய்ச்சும் பாய்லர், வைக்கலாம் என்று பேச்செடுத்தபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "கரண்ட் போனா இது என்ன பண்ணும், தம்பி?" ஆலையின் பாய்லர் அறையில் வேலை பார்த்தவன் நான். மொத்த வேலையும் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஸ்டோக்கரில் ஹாப்பர் என்னும் கரிப் பெட்டியில் கொட்டிய கரியை ஒரு ஸ்க்ரூ மெல்ல அடுப்புக்குத் தள்ளும், ஃபேன் காற்று ஊதும், பம்ப் சுடுநீரை அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கு ஓட்டும். மூன்றுமே கரண்டில் ஓடுபவை. கரண்ட் போனால் மூன்றும் நிற்கும், ஆனால் அடுப்பில் கனன்றுகொண்டிருக்கும் கரி நிற்காது. ஓடாமல் நிற்கும் தண்ணீர் சூடேறிக்கொண்டே போகும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் நம் ஊரில் தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்த நீராவிக்கு வழி இல்லாவிட்டால் பாய்லரே வெடிகுண்டு. ஆகவே சூடு வெளியேறும் வழியை முதலில் கட்டுங்கள், பாய்லரைப் பிறகு இணையுங்கள்.

வழி ஒன்று, பாய்லரைவிட உயரமான இடத்தில் ஒரு ரேடியேட்டர். அதற்கு 28 மி.மீ. காப்பர் பைப் போட்டு, பாய்லரிலிருந்து ஏறுமுகமாகவே கொண்டுபோங்கள். நடுவில் ஓரிடத்தில் தாழ்ந்தாலும் காற்று அடைத்துக்கொள்ளும். இந்தப் பாதையில் ஒரு வால்வுகூட வைக்கக் கூடாது. சூடான நீர் இலேசாகி மேலே போகும், ஆறியது கீழே இறங்கும், பம்ப் தேவையில்லை. பாய்லர் திறனில் பத்தில் ஒரு பங்கையாவது இது இழுக்க வேண்டும். எப்போதும் சூடாகவே இருக்கும் என்பதால் குளியலறையில் வையுங்கள், துண்டு காயும்.

வழி இரண்டு, நீராவி வெளியேறத் திறந்த வென்ட் பைப். குறைந்தது 22 மி.மீ., பாய்லரிலிருந்து நேரே மேலேறி, கூரைக்கடியில் இருக்கும், பாய்லருக்கு நீர் தரும் தொட்டியின் மேல் வளைந்து திறந்திருக்க வேண்டும். இதிலும் வால்வு கிடையாது. மூடிய பிரஷர் சிஸ்டம் பார்க்க நேர்த்தியாக இருக்கும், விற்பவர்களும் அதைத்தான் சிபாரிசு செய்வார்கள். கரியை எரிக்கும் வீட்டில் நான் அதை வைக்க மாட்டேன். தொட்டி கொதிநீரைத் தாங்கும் வகையாக இருக்கட்டும். சாதாரண பிளாஸ்டிக் தொட்டி சூட்டில் இளகி உடைந்தால், கீழே படுத்திருப்பவர் மேல்தான் கொட்டும். தொட்டிக்கும் வென்ட்டுக்கும் குளிர் தாக்காதபடி கனமான லேகிங் உறை சுற்றுங்கள். பனியில் உறைந்து அடைத்துக்கொண்ட வென்ட், வென்ட் இல்லாததற்குச் சமம்.

வழி மூன்று, இன்வெர்ட்டர். பம்பை மட்டும் அதில் இணையுங்கள், ஃபேனையும் ஸ்க்ரூவையும் இணைக்காதீர்கள். லோட் ஷெட்டிங் எனும் முறைவைத்த மின்வெட்டு நேரத்திலும் வீடு முழுச் சூட்டில் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் இணைத்துவிடுகிறார்கள். பேட்டரி தீரும் வேளையில் அடுப்பு முழு வேகத்தில் எரிந்துகொண்டிருக்கும், பம்ப் நின்றுபோகும். ஊதல் முதலில் நின்று, பம்ப் கடைசியாக நிற்பதுதான் சரியான வரிசை.

அடுத்தது கரி. பர்னரை வாங்குவதற்கு முன்பே எந்தக் கரி தொடர்ந்து கிடைக்கும் என்று முடிவு செய்யுங்கள். நம் மாகாணத்தின் வடபகுதியான வட நேட்டாலில் ஆந்த்ரசைட் எனும் கடினக் கரியும் உண்டு, பிட்டுமினஸ் எனும் புகையுள்ள கரியும் உண்டு. ஆந்த்ரசைட் கிட்டத்தட்டப் புகையில்லாமல் எரியும், ஆனால் அதற்கென்று வடிவமைத்த பர்னர் வேண்டும். பிட்டுமினஸுக்குக் கீழிருந்து கரியை ஊட்டும் வகை பொருந்தும். புதுக் கரியிலிருந்து கிளம்பும் வாயு மேலே உள்ள தணலைக் கடக்கும்போதே எரிந்துவிடுவதால் புகை குறையும். சூட்டில் உப்பி ஒட்டிக்கொள்ளும் கோக்கிங் கரியைத் தவிருங்கள், அடுப்பில் மரம்போல் எழும்பி நிற்கும். கடையில் 'பீஸ்' (peas, பட்டாணி) எனப்படும் சிறு கட்டி அளவு கேளுங்கள். பெரிய கட்டி ஸ்க்ரூவில் சிக்கும், தூள் அதிகமானால் காற்று புகாது. ஸ்க்ரூ சிக்கினால், இயந்திரத்தைக் காக்க வேண்டுமென்றே பலவீனமாக வைத்த ஷியர் பின் ஒடிய வேண்டும். ஒடிந்த பின்னுக்குப் பதில் கெட்டியான போல்ட் போடாதீர்கள், அடுத்த தடவை கியர்பாக்ஸ் போகும்.

அளவு பற்றி ஒரு கணக்கு. கிலோவுக்கு 26 மெகாஜூல் தரும் கரியில் சுமார் 7.2 யூனிட் சூடு இருக்கிறது. அதில் 65 சதவீதம் தண்ணீருக்குப் போனால் 4.7 யூனிட். 15 கிலோவாட் பாய்லர் முழு வேகத்தில் மணிக்கு மூன்று கிலோவுக்குச் சற்று அதிகம் தின்னும். தேவைக்குமேல் பெரிய பாய்லர் வாங்கினால் அது பாதி நேரம் மந்தமாகப் புகைந்துகொண்டிருக்கும்.

பைப் வேலையில் பலர் விட்டுவிடுவது, திரும்பி வரும் நீரின் சூடு. அது 55 டிகிரிக்குக் கீழே போனால் பாய்லரின் உட்சுவரில் ஈரம் வியர்க்கும். கரியின் கந்தகம் அந்த ஈரத்தில் கலந்து அமிலமாகி இரும்பைத் தின்னும். ஒரு மிக்ஸிங் வால்வு வைத்து, சுடுநீரில் கொஞ்சத்தைத் திரும்பி வரும் நீரோடு கலந்துவிடுங்கள்.

சிம்னியின் விட்டம் பாய்லரிலிருந்து புகை வெளிவரும் வாயைவிடக் குறையக் கூடாது. பழைய செங்கல் சிம்னியானால், புகையடித்து விரிசல் பார்த்து, உள்ளே ஸ்டெயின்லெஸ் லைனர் இறக்குங்கள். காற்றடிக்கும் நாளில் இழுப்பு மாறாமலிருக்க பாரோமெட்ரிக் டாம்பர் எனும், தானே திறந்து மூடும் தகடு வேண்டும். உங்கள் பகுதி புகைக் கட்டுப்பாட்டு மண்டலமா என்று முனிசிபாலிட்டியில் கேட்டுக்கொண்ட பிறகே கூரையில் துளை போடுங்கள். வயரிங்கைப் பதிவுபெற்ற எலக்ட்ரீஷியன் செய்து, விதிப்படி செய்ததற்கான சிஓசி சான்றிதழ் தரட்டும்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் பாய்லர் அறையில் ஒன்று, படுக்கையறை வாசலில் ஒன்று. இதற்கு விலை பார்க்காதீர்கள். அந்த வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். அள்ளிய சாம்பலிலும் அது கசியும். மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு வெட்டவெளியில் வையுங்கள், கராஜில் வேண்டாம்.

முதல் தீயைப் பகலில், ஆட்கள் உடனிருக்கும்போது மூட்டுங்கள். தண்ணீர் 70 டிகிரி தொட்டதும் மெயினை நீங்களே அணைத்து, பம்பும் ஓடாமல் இன்வெர்ட்டரையும் நிறுத்திவிட்டு வெப்பமானியைப் பாருங்கள். சூடு மெல்ல ஏறி, 90க்குக் கீழே நின்று இறங்கினால் குளியலறை ரேடியேட்டர் தன் வேலையைச் செய்கிறது. தாண்டி ஏறினால், அந்த ரேடியேட்டரைப் பெரிதாக்கும்வரை இரவில் பாய்லரை எரிக்காதீர்கள். கரண்ட் வெகுநேரம் வராவிட்டால் தணல் ஸ்க்ரூ வழியாக ஹாப்பருக்குள் ஊர்ந்து வரலாம். மூடி காற்றுப் புகாமல் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். கரண்ட் வந்ததும் ஸ்க்ரூக் குழாய் சுடுகிறதா என்று பார்த்துவிட்டு ஓட விடுங்கள்.

செப்டம்பரில் அணைத்ததும் அப்படியே விட்டுவிடாதீர்கள். நமக்கு மழை வருவது வெயில் காலத்தில்தான், பாய்லர் துருப்பிடிப்பதும் அப்போதுதான். சாம்பலை முழுக்கச் சுரண்டி, ஸ்க்ரூவைக் காலிசெய்து எண்ணெய் பூசி, ஹாப்பரில் ஒரு கட்டி கரிகூட மிஞ்சாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.