பேச்சு நின்ன பிறகு கண்ணால பேச எழுத்து அட்டை, ஏஎல்எஸ் இருக்கிற வீடுகளுக்கு

ஏஎல்எஸ்ங்கிற நோய்ல கை, கால், நாக்கை அசைக்கிற நரம்பு செல்லுங்க ஒவ்வொண்ணா செத்துட்டே வரும், ஆனா நடுமூளையில உக்காந்து கண்ணை அசைக்கிற செல்லுங்க ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கும். கால்ல ஒரு செல் நூத்துக்கணக்கான தசை இழைகளை இழுக்கணும், கண்ணுல ஒரு செல்லுக்கு ரொம்ப கொஞ்சம் இழைதான், அதோட உள்ள வர்ற கால்சியத்தை பிடிச்சு வைக்கிற புரதமும் இதுங்ககிட்ட அதிகம், இதெல்லாம் காரணமா இருக்கலாம்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க.

முதல்ல "ஆமா"வுக்கு ஒரு அடையாளம் பேசி வச்சுக்கோங்க. எல்லாரும் கண்ணை மூடித்திறக்க சொல்றாங்க, தயவுசெஞ்சு அது வேணாம். இமையை மூடறது முகத்தோட நரம்பு, இந்த நோய்ல அதுவும் தளரலாம். மேல பார்த்தா ஆமா, கீழ பார்த்தா இல்ல, இது நடுமூளை வேலை.

அட்டைக்கு ஒரு வெள்ளை சார்ட் போதும். 247 எழுத்தையும் எழுதாதீங்க, 30 போதும், வரிசைக்கு ஆறு. வல்லினம் ஒரு வரிசை, மெல்லினம், இடையினம், அப்புறம் உயிரெழுத்து ரெண்டு வரிசை. "வல்லினமா? மெல்லினமா?"ன்னு நிதானமா கேளுங்க, மேல பார்த்ததும் அந்த வரிசையில எழுத்து எழுத்தா தொட்டு கேளுங்க. த வந்துச்சு, அடுத்து ண வந்துச்சுன்னா "தண்ணியா அப்பச்சி?"ன்னு கேட்டுடலாம், ஆனா அவங்க ஆமான்னு சொல்லாம நீங்களா முடிவு பண்ணி டம்ளரை நீட்டாதீங்க. சளி, வலி, மூச்சு, திருப்பிப் படுக்க வை, இதெல்லாம் முழு வார்த்தையாவே ஓரத்துல எழுதிடுங்க, அவசரத்துல எழுத்து கூட்ட முடியாது.

நம்ம ஊர்ப்பக்கத்து வீடுகள்ல வளவு, அதாவது வீட்டு நடு முற்றத்துல விழற வெளிச்சம், உச்சிப்பொழுதுல கண்ணு கூசும், அதுக்கு நேரா உக்கார வச்சா கண்ணை சுருக்கிடுவாங்க, நமக்கு ஒண்ணும் தெரியாது. பக்கவாட்டுல வெளிச்சம் விழற மாதிரி நாற்காலியை திருப்பிப் போடுங்க.

பேச்சு குழற ஆரம்பிக்கும்போதே பழக்கிடுங்க, வீட்டுல எல்லாரும் பழகணும், ராத்திரி பார்த்துக்க வர்றவங்களும்தான்.

பிஎஸ்பின்னு இன்னொரு நோய் இருக்கு, நடை தடுமாறி பின்பக்கமா விழுவாங்க. அதுல நடுமூளையில மேல கீழ பார்க்க வைக்கிற இடமே அடிபடும், அவங்களுக்கு இந்த மேல கீழ கணக்கு சரிவராது, ஆமா இல்லைக்கு வலது இடதுன்னு வச்சுக்கோங்க, எதுக்கும் நியூரோ டாக்டர்கிட்ட கண்ணு எந்தப்பக்கம் நல்லா ஓடுதுன்னு கேட்டுட்டு ஆரம்பிங்க.